வலிக்குக் கொடுத்த ஆறு நாள்

பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டேன். நான்கு வயது மகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினேன். மத்தியானம் அம்மா கொண்டுவந்து கொடுத்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். வயிற்றில் இருந்த பிள்ளை, சாப்பாடு ஆனதும் வழக்கம்போல் நாலு உதை உதைத்துவிட்டு அடங்கிவிட்டது. சாயங்காலம் கணவர் தன் எலெக்ட்ரிக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டார்.

"எதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

அவருக்குப் பின்னால் ஆட்டோவிலிருந்து என் மாமியார் இறங்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் மடித்த ஒரு தாள். ஊரில் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வியாழக்கிழமை, பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். "எப்படியும் மொத பிள்ளைய அறுத்துதான எடுத்தாங்க. இதையும் நல்ல நேரத்துல எடுத்துட்டா ஒரு கவல விட்டுது" என்றார்.

நான் அந்தத் தாளை வாங்கி அலமாரியில் வைத்தேன். "நான் வலிக்குக் காத்திருக்கலாம்னு இருக்கேன் அத்த" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

மூத்தவள் பிறந்த கதையைச் சொல்லாமல் இது புரியாது. அப்போது ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்ந்திருந்தேன். வலி வந்து ஐந்தாறு மணி நேரம் ஆன பிறகு திடீரென்று நர்சுகள் ஓடினார்கள். யாரோ ஒரு அட்டையில் தாளைச் செருகி என் மூக்குக்கு நேராக நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். நான் வேலை பார்ப்பது பத்திரம் எழுதுகிறவரிடம். பிரெஞ்சு ஆட்சியில் பத்திரம் பதிந்த நொத்தேர் காலத்துப் பழைய பத்திரங்களுக்கு நகல் எடுப்பதிலிருந்து நேற்று வாங்கிய மனைக்குக் கிரயப் பத்திரம் அடிப்பது வரை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வேன். அப்படிச் சொல்கிற நான், என் வயிற்றைக் கிழிக்க அனுமதி கொடுக்கிற தாளில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. முழு மயக்கம் கொடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது பிள்ளையை எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். எனக்குத்தான் கடைசியாகக் காட்டினார்கள். ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "பேபிக்கு ப்ராப்ளம்" என்று மட்டும் பதில் வந்தது. நாலு வருஷமும் அதை நான் நம்பவில்லை. அவர்களுக்கு அவசரம், என்னை அறுத்துவிட்டார்கள் என்றே மனதில் வைத்திருந்தேன்.

இந்த முறை அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா, நரைத்த தலையும் மெதுவான பேச்சுமாக இருந்தவர், ஏழாவது மாதத்திலேயே சொல்லிவிட்டார். "நார்மலுக்கு முயற்சி பண்ணலாம். ஆனா போன தடவ கர்ப்பப்பையில எப்படி வெட்டினாங்க, எதுக்கு வெட்டினாங்கன்னு எனக்குத் தெரியணும். டிஸ்சார்ஜ் தாள் போதாது. ஆபரேஷன் குறிப்பு வேணும்."

அதை வாங்க அந்த நர்சிங் ஹோமுக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை ஆள் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை பரண் மேல் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் முறை ஏழு மாத வயிற்றோடு வரவேற்பு மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "எடுத்துக் குடுக்கற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்" என்றேன். மத்தியானத்துக்குள் எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர்கள் செய்த தப்புக்கு ஆதாரம் தேடித்தான் போனேன். ஆனால் டாக்டரம்மா அந்தக் குறிப்பை வரி வரியாக எனக்குப் படித்துச் சொன்னபோது வேறு கதை வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, பிறகு ஏறாமலே நின்றிருக்கிறது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. "சரியாத்தான் செஞ்சிருக்காங்க. நானா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். வெட்டும் குறுக்கு வெட்டுதான், அடுத்த பிரசவத்துக்கு முயற்சி பண்ண ஏற்ற வெட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகளைக் காப்பாற்றியவர்கள் மேல் நாலு வருஷமாகக் கோபப்பட்டிருக்கிறேன். ஒரே ஒரு ஆள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் இதைச் சொல்லியிருந்தால் போதும்.

அதனால் இந்த முறை எது நடந்தாலும் எனக்குத் தெரிந்து நடக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

செவ்வாய் ராத்திரி சாப்பிட்டு முடித்து, மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். தலை நிமிராமலே பேசினார்.

"எங்க அக்கா ஒருத்தி இருந்துது, உனக்குத் தெரியாது. நாள் தள்ளிப்போச்சு. வலி வரும் வரும்னு எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தோம். வண்டி கட்டி டவுனுக்குக் கொண்டாரதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிடுச்சு. எனக்கு அப்ப பதிமூணு வயசு. வண்டியில அக்கா தல என் மடியிலதான் இருந்துது."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. கணவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அத்த, நாளைக்கு நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்க பயத்த டாக்டர்கிட்டயே கேளுங்க" என்றேன்.

புதன்கிழமை டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் நான், கணவர், மாமியார் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமியார் தன் அக்காவைப் பற்றி அங்கேயும் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எங்களுக்கு விளக்கினார். தானாக வலி வந்தால் முயற்சி பண்ணலாம். மருந்து போட்டு வலியை வரவழைத்தால் பழைய தையல் பிரிகிற ஆபத்து கூடும், அதனால் அதைச் செய்யமாட்டார். நாள் போகப் போகப் பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் குறையலாம். மறுபடி அறுத்தால் அதற்கும் ஆபத்து உண்டு, ரத்தப்போக்கு, ஒட்டிக்கொள்ளும் சதை, மூன்றாவது பிள்ளை வேண்டும் என்றால் அப்போது வரும் சிக்கல்.

"தையல் பிரியறது எத்தன பேருக்கு நடக்கும் மேடம்?" என்று கேட்டார் கணவர்.

டாக்டரம்மா சொன்ன எண் சின்னதுதான். ஆனால் அந்தச் சின்ன எண்ணுக்குள் நான் ஒருத்தியாக இருந்தால் எனக்கு அது முழுசு. அதையும் அவரே சொன்னார்.

"உங்க தங்கச்சியா இருந்தா என்ன மேடம் செய்வீங்க?" என்றேன்.

"என் தங்கச்சி வயித்துல இருக்கறது வேற தையல், வேற பிள்ள" என்று சிரித்தார். "உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க. அதுக்குப் பாதுகாப்பான வழிய நான் சொல்றேன்."

நான் யோசித்து வந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை வரை காத்திருக்கிறேன். வெள்ளியும் திங்களும் வந்து துடிப்பும் தண்ணீரும் பார்த்துக்கொள்கிறேன். எதிலாவது ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே அறுத்துவிடலாம். திங்கள் தாண்டியும் வலி வராவிட்டால் செவ்வாய் காலை நானே வந்து படுத்துக்கொள்கிறேன். டாக்டரம்மா அதை அப்படியே என் சீட்டில் எழுதினார். மாமியார் வெளியே வந்ததும், "தேதி போட்டு எழுதிக் குடுத்துட்டாங்க, பரவால்ல" என்றார்.

வியாழக்கிழமை பத்தரைக்கு அவர் கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை ஆனது. எழுந்தார், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார், "நகரு, நான் தாளிக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை துடிப்பு நன்றாக இருந்தது. சனிக்கிழமை வைத்திக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா மீன் விற்கிறவள். நாலு பிள்ளையையும் வலியெடுத்துப் பெற்றவள். அறுத்துப் பெற்றவள் என்று என்னைப் பற்றி யாராவது பேசினால் அவளுக்குத் தலை குனிந்துபோகும். "வருண்டி, இந்தத் தடவ வரும்" என்று சொல்லி, கரையில் ஏற்றிவைத்த படகுகளுக்கு நடுவே என்னை மேலும் கீழும் நடக்கவைத்தாள். மணலில் கால் புதைந்து இடுப்பு விட்டுப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை வலி வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒன்று, அப்புறம் எட்டு நிமிஷத்துக்கு ஒன்று. கணவர் ஒரு நோட்டில் நேரம் எழுதிக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு வலியையும் வாங்கிக்கொண்டேன். மூன்று மணி நேரம். பிறகு பன்னிரண்டு நிமிஷம் ஆனது, இருபது ஆனது, நின்றுபோனது. பொய் வலி. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா சோதித்தார். கர்ப்பப்பை வாய் கொஞ்சமும் திறக்கவில்லை. தண்ணீரும் குறையத் தொடங்கியிருந்தது, இன்னும் ஆபத்து இல்லை. "மருந்தில்லாம, உள்ள ஒரு ரப்பர் பலூன் வெச்சு வாயத் தொறக்கப் பாக்கலாம். ஒரு நாள் ஆகும். வேல செஞ்சாலும் செய்யும், செய்யாமலும் போகும். வேணுமா?"

கேட்டதும் ஆசை வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஐந்து நிமிஷம் டைம் கேட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாவும் வந்திருந்தாள். "வெச்சுப் பாருடி. இல்லன்னா இன்னும் ரெண்டு நாள் பொறு. நாலு பெத்தவ சொல்றேன். இன்னா அவசரம் இப்ப?"

"தானா வந்தா பெத்துக்கறேன்னு சொன்னேம்மா. வரல. இழுத்துக்கிட்டு வரணும்னு நான் சொல்லவே இல்ல."

"ஊருல இன்னா சொல்லுவாங்க தெரியுமா? ரெண்டாவதும் கத்தின்னு."

"ஊருக்காகவா நான் இவ்ளோ நாள் இருந்தேன்? எனக்காக இருந்தேன். இப்ப போதும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறுக்கச் சொன்ன மாமியாரிடம் அறுக்கவேண்டாம் என்று நின்றது சுலபமாக இருந்தது. எனக்குப் பிடித்ததையே ஆசைப்படுகிற அம்மாவிடம் வேண்டாம் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவளும் நானும் ஒரே பக்கம்தான் இத்தனை நாளும் நின்றோம். ஆனால் திங்கள் என்று சொன்னது நான். தெளிவாக இருந்த நாளில், மூன்று பேர் முன்னால், யோசித்துச் சொன்னது. ஆசை வந்த நிமிஷத்தில் அதை மாற்ற எனக்கு மனமில்லை. உள்ளே போய், "நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம் மேடம்" என்றேன்.

செவ்வாய் காலை வெறும் வயிற்றோடு, என் காலில் நடந்து உள்ளே போனேன். தாளை நீட்டினார்கள். உட்கார்ந்து முழுசும் படித்தேன். புரியாத இரண்டு இடத்தில் கேட்டேன். நர்சு பொறுமையாகச் சொன்னாள். டாக்டரம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "பிள்ளைய எனக்கு மொதல்ல காட்டணும்."

முதுகில் ஊசி போட்டார்கள். கால் இரண்டும் யாருடையதோ போல ஆனது. மார்புக்குக் கீழே பச்சைத் துணி கட்டினார்கள். வலி இல்லை, ஆனால் யாரோ வயிற்றுக்குள் பாத்திரம் துலக்குவதுபோல இழுப்பும் அசைவும் தெரிந்தது. பயமாக இருந்தது. மயக்க மருந்து டாக்டர், வயசுப் பையன்தான், என் தலைமாட்டில் நின்று, "இப்ப அழுத்துவாங்க அக்கா, மூச்ச நல்லா விடுங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பெரிய அழுத்தம். அப்புறம் கத்தல். கரகரவென்று, கோபமாக.

துணிக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். பையன். தலை நிறைய முடி, உடம்பெல்லாம் வெள்ளை மாவு. துடைத்து என் மார்பில், கழுத்துக்கு அடியில் வைத்தார்கள். ஈரச் சூடு. கத்திக்கொண்டிருந்தவன் என் குரல் கேட்டதும் நிறுத்திவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தான். கீழே தைத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் தைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பழைய தையல் எப்படி இருந்துது மேடம்?"

"நல்லாத்தான் இருந்துது."

"அப்ப வலி வந்திருந்தா தாங்கியிருக்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. "தாங்கியிருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு இரண்டு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். பலூன் வைத்திருந்தால்? இரண்டு நாள் பொறுத்திருந்தால்? தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு கட்டிலிலிருந்து முதல் முறை எழுந்தபோது அந்தக் கேள்வியும் சேர்ந்தே எழுந்தது. இன்றைக்கும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் முதல் பிரசவத்துக்குப் பிறகு நாலு வருஷம் இருந்த கசப்பு இதில் இல்லை. அது வேறு, இது வேறு. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாமலே நடந்தது. இன்றைக்கு நான் எடுத்த முடிவு, சரியோ தப்போ, என்னுடையது.

அம்மா மூன்றாம் நாள்தான் வார்டுக்கு வந்தாள், தூக்குப் பாத்திரத்தில் சுறாப்புட்டோடு. மாமியார் பேரனை மடியில் வைத்திருந்தார். இரண்டு பேரும் பிள்ளையின் காது யார் ஜாடை என்று சண்டை போட்டார்கள். நான் சாப்பிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து, உழவர்கரையில் எங்கள் தெரு முனைக் காய்கறிக் கடையில் ஒரு பெண் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நார்மலா, ஆபரேஷனா?"

"ஆபரேஷன்."

"ஐயோ பாவம், ரெண்டாவதுமா?"

"பாவம்லாம் இல்லக்கா. நாந்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பையன் சிணுங்க ஆரம்பித்தான். அரைக்கிலோ கத்தரிக்காய் நிறுக்கச் சொல்லிவிட்டு அவனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.