மாத்திரை போட்டவர்கள் கை தூக்குங்கள்

கொரோனா அடங்கி, கம்பெனிகள் எல்லாம் மறுபடியும் மூன்று ஷிப்ட் ஓட்ட ஆரம்பித்திருந்த நேரம் அது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் சேரப்பணஞ்சேரியில், கம்பெனிப் பையன்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு மாடிக் கட்டடத்தில் நான் வாட்ச்மேன். மோட்டார் போடுவது, கேட்டைப் பார்த்துக்கொள்வது, பெருக்குவது, இவ்வளவுதான் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பையன்கள் பெரும்பாலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். அவர்களுக்கு ஒரு பழக்கம். தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், பின்பக்கச் சுவரைத் தாண்டி ஏரிக்கரைக்கு ஓடிவிடுவார்கள். தப்பு செய்தவன், செய்யாதவன் என்ற வித்தியாசம் கிடையாது. சுற்று வட்டாரத்தில் ஒரு பைக் காணாமல் போனாலும் விசாரணை முதலில் வெளியூர்ப் பையன்களிடம்தான் வரும். ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தால் அன்றைய ஷிப்ட் போய்விடும். எல்லாம் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் போனால் வேலையும் போகலாம். அப்படி வருகிறவர் எப்போதும் ஒரே ஏட்டையாதான். அவர் குரல் தெருமுனையிலேயே கேட்கும்.

அன்று மதியமும் அவர் புல்லட் சத்தம் கேட்டதும் கட்டடமே காலியாகிவிட்டது. ஒருவன் தட்டில் சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். ஏட்டையா உள்ளே வந்து மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா, ஒருத்தன் கூட இல்லையா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நல்ல திட்டு விழும். அன்று அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேசு விஷயமா வரலய்யா. எங்க வூட்ல அதுக்கு பிளட் கேன்சர். கீமோ குடுத்ததுல பிளேட்லெட் சுத்தமா இறங்கிப் போச்சு. மூக்குல ரத்தம் வந்துகினே கீது. சாயங்காலத்துக்குள்ள ஏத்தலன்னா கஷ்டம்ன்றாங்க. ஸ்டேஷன்ல குடுக்க முடிஞ்சவன் எல்லாம் குடுத்துட்டான். சொந்தக்காரன் அத்தினி பேருக்கும் சுகரு. இங்க வயசுப் பசங்க இருப்பானுங்களேன்னு வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் கண் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதது அதுதான் முதல் தடவை. நேராகப் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்மேல் ஏறினேன்.

"டேய்! யாரையும் புடிக்க வரலடா! அவரு பொண்டாட்டி சாகக் கிடக்குதாம், ரத்தம் வேணும்டா!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கருவேலம் புதருக்குப் பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "அண்ணாச்சி, சத்தியமாவா? இல்ல, அவரு சொல்லச் சொல்லிச் சொல்லுதீயளா?"

"நான் என்னிக்குடா இப்டி கத்திகீறேன்?"

"ஆமால. அண்ணாச்சி கத்தி நாம கேட்டதே இல்லையே. வால, போவோம்" என்றான் இன்னொருவன்.

ஒவ்வொருவராகச் சுவர் ஏறி வந்தார்கள். ஏட்டையா ரோட்டுக்குப் போய், காலியாக வந்த ஷிப்ட் வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். டிரைவர் பயத்தில் ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினார். அந்த நிலைமையிலும் பையன்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட ஒரு பெரிய ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

சென்னையில் அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு நர்ஸம்மா வந்து, "கடைசி மூணு நாள்ல வலி மாத்திரை போட்டவங்க மட்டும் கை தூக்குங்க. அதைப் போட்டிருந்தா பிளேட்லெட் எடுக்க மாட்டோம்" என்றார்.

ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன.

நர்ஸம்மா விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "உங்க வயசுக்கு என்னப்பா வலி?"

"நிக்கணும்லா, மேடம்" என்றான் ஒருவன். "லைன்ல உக்கார விடமாட்டாங்க. ஓ.டி.யும் பாத்தா காலு வீங்கிரும். ஒண்ணு போட்டுட்டுத்தான் பஸ்ல ஏறுவோம்."

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவன் மட்டும் கை தூக்கவில்லை. "இவன் இன்னும் பழகலை" என்று மற்றவர்கள் அவனை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவனுக்கு எடை போதவில்லை.

ஏட்டையா சுவரோரம் நின்று அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். காலி மாத்திரை அட்டைகளைத் தினமும் பெருக்கி அள்ளுகிறவன் நான். யாருக்கோ காய்ச்சல், தலைவலி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க?" என்று நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார்.

"நான் கூட வந்தவன்."

"மாத்திரை எதுவும் போடுறீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப வாங்க."

ஊசி என்றால் எனக்குப் பயம். ஆனாலும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு போனேன். எல்லாச் சோதனையும் செய்து, சரியாக இருக்கிறது என்று படுக்க வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தம்மாவுக்கு ஏற்றியும் விட்டார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. வைத்தியம் மாதக்கணக்கில் போயிற்று. ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஆள் தேவைப்பட்டது. பையன்கள் தங்களுக்குள் பேசி, முறை வைத்துக்கொண்டார்கள். முறை வருகிறவன் சில நாள் முன்பிருந்தே மாத்திரையைத் தொட மாட்டான். ஷிப்ட் முடிந்து வந்து, சுடுதண்ணீரில் உப்புப் போட்டு பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து உட்கார்ந்திருப்பான். ஒருநாள் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "ஒண்ணு போட்டுக்கயேன்டா" என்றேன்.

"வியாழக்கிழமை என் முறைலா, அண்ணாச்சி. இப்பம் போட்டா அந்தம்மாக்கு ஆகாது" என்றான். அந்தம்மாவின் முகத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இப்போது அந்தம்மா வீட்டில் நடமாடுகிறார், செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறார். ஏட்டையா இன்றும் விசாரணைக்கு வருகிறார். ஆனால் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, "எவனும் ஓடாதீங்கடா, நான்தான்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அப்படியும் புதுப் பையன்கள் சுவர் ஏறத்தான் செய்கிறார்கள்.

அந்தம்மா பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அத்தனை கைகள் ஒன்றாக மேலே போனபோது விழுந்த அதிர்ச்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. துடைப்பத்தில் ஒரு காலி அட்டை சிக்கினால், கூச்சத்தை விட்டு அறை அறையாகப் போய், "இது யாருதுடா, எங்க வலிக்குது?" என்று கேட்ட பிறகுதான் அதைக் குப்பையில் போடுகிறேன்.