பால்சாமி அளந்த சரளை

பாலவனத்தம் பக்கத்துக் கரிசல்காட்டில் கம்பும் பருத்தியும் போடுகிறவர் பால்சாமி. ரேஷன் கடையில் அரிசியை விளிம்போடு வழித்துத் தலைதட்டி அளந்த யுத்த காலத்திலும் அவர் வீட்டு மரக்கால் கோபுரமாகத்தான் நிற்கும். இல்லை என்று வந்தவருக்கோ கோயிலுக்கோ அளந்தால், விளிம்புக்கு மேல் குவிந்து சரிந்த பிறகே அவர் கை நிற்கும். வியாபாரிக்கு மட்டும் தலைதட்டி அளப்பது ஊர் வழக்கம். அதற்கும் மனைவி மாயக்காள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அவர்களுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான்காவது பேற்றுக்கு மாயக்காளை வண்டியில் போட்டு, நான் நர்சாக இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வரும்போதே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

"நர்சம்மா, உங்க சாமிக்கு நான் என்ன நேந்துக்கிறணும்?" என்று வராந்தாவில் வழிமறித்தார்.

"சாமிய நாங்க பாத்துக்கிறோம். மழைக்கு மழை கீரைப்பாத்தி கரைஞ்சு ஓடுது. சுத்திச் சரளை போட்டுக் குடுங்க, போதும்."

கைக்கு வேலை கொடுத்தால் வராந்தாவில் அழுகை குறையும் என்றுதான் சொன்னேன். அவர் அதையே நேர்த்திக்கடனாக்கிவிட்டார். பாத்தியைச் சுற்றிச் சரளை தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டும்வரை பிள்ளையைத் தொடுவதில்லை என்று ஊரில் சூடம் அணைத்துச் சத்தியமும் செய்துவிட்டு வந்தார்.

பெண் பிள்ளை பிறந்தது. மெலிவுதான், ஆனால் பால் குடித்தது. பால்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றே பார்த்தார்.

பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழம், ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டினார். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் சாலமோனுக்குத்தான் அந்தக் கீரை. அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏலே பால்சாமி, எத்தனை வண்டி வேணும்? குத்துமதிப்பா அஞ்சாறு இருக்குமா?"

"குத்துமதிப்பெல்லாம் நீ உப்புப் போடுறதுக்கு வச்சுக்க."

செவல்மேட்டிலிருந்து இரண்டு சாக்குச் சரளை கொண்டுவந்திருந்தார். வாய்க்காலில் இரண்டு எட்டு நீளத்துக்கு மண்ணை அணைத்து, மரக்காலால் அளந்து கொட்டினார். பத்து மரக்கால் பிடித்தது. பிறகு பாத்தியைச் சுற்றி எட்டு வைத்து நடந்தார். நாற்பத்தெட்டு. அப்படியானால் இருநூற்று நாற்பது மரக்கால். அவர் வண்டி எண்பது மரக்கால் கொள்ளும்.

"மூணு வண்டி. பிசகாது" என்றார்.

கணக்கு சரிதான். மூன்றாவது வண்டி வந்தபோது திருச்சுழிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர், ஆறு எட்டு தூரம் மிச்சமிருக்க நின்றுவிட்டார். வண்டி காலி.

"பிசகாதுன்ன?" என்றார் சாலமோன்.

மழை விழுந்துவிட்டால் கரிசலில் சக்கரம் அச்சுவரை இறங்கும். காய்ந்து வண்டி போக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பிள்ளையைத் தொடமுடியாது. அடுத்தவர் சரளை வாங்கிப் போட்டாலும் நேர்ச்சை ஆகாது. பால்சாமி வண்டியடியில் உட்கார்ந்துவிட்டார்.

மாயக்காள் எழுந்து நடமாடலாம் என்று அன்றுதான் சொல்லியிருந்தேன். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்தாள். போட்டிருந்த சரளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கணக்குப் போட்டப்ப தலைதட்டிப் போட்டீகளா?"

"கணக்குன்னா தலைதட்டித்தான்."

"போடயில?"

அவர் திரும்பிப் பார்த்தார். வாய்க்கால் நெடுகச் சரளை வரப்புமாதிரி குவிந்து நின்றது.

"நேந்துக்கிட்டதை எப்படித் தலைதட்டுறது? கை வரலை" என்றார்.

"உங்க கைக்கு வராது. நேந்தது நீங்க, பெத்தது நானு. இதில எனக்கும் பங்கு உண்டு. நர்சம்மா, ஒரு பலகை குடுங்க."

கால் முறிந்தவர்களுக்கு வைத்துக் கட்டும் மரச்சட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குனியாதே, உட்கார்ந்தே செய் என்றும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, குவிந்ததைத் தட்டித் தள்ளினாள். சாலமோன் அதைக் கூடையில் வாரிக்கொண்டுபோய் இடைவெளியில் கொட்ட ஓடினார்.

"கூடைய இங்க குடு. போடுறது நாந்தான்" என்று பால்சாமி பிடுங்கிக்கொண்டார்.

பாதியில் மாயக்காளின் முகம் வெளுத்தது. நிறுத்தச் சொன்னேன். மரச்சட்டம் அங்கேயே கிடந்தது. பால்சாமி அதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, மிச்சத்தைத் தானே தலைதட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டிருப்பார்.

சரளை முட்டியது. ஒரு கூடை மிஞ்சவும் செய்தது. பெருந்தூறல் விழத் தொடங்கியது.

நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவி வந்தார்.

"தலைக்கு அடியில கை குடுங்க. இறுக்காதீக" என்றேன்.

அவர் இரண்டு கையையும் குவித்துப் பிள்ளையை வாங்கினார்.

"இதுக்கு நான் தலைதட்டச் சொல்லமாட்டேன்" என்றாள் மாயக்காள், கட்டிலில் சாய்ந்தபடி.

வெளியே பாத்தியிலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டுமே கசிந்து வருகிறது என்று சாலமோன் கத்தினார். பால்சாமி போய்ப் பார்க்கவில்லை. பிள்ளை அவர் வேட்டியை நனைத்தது. துணி மாற்றச் சொல்லிவிட்டு நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.