மேலே இருந்து பார்த்தேன் என்று சொன்னது

சென்னைக்கும் மதுரைக்கும் போய்வந்த சின்ன விமானத்தில் நான் துணை விமானியாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும், எழுபது பேர் உட்காரலாம். விடிகாலை நாலரைக்குக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மதுரை போய், திரும்பி, வேறொரு ஊர் போய், திரும்பி, சென்னையில் என் அறைக்கு வந்து சேர மத்தியானம் மூன்றாகிவிடும். எங்கள் வீடு மதுரையில் செல்லூரில். விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம். ஆனால் விமானம் மதுரையில் நிற்பதே இருபத்தைந்து நிமிஷம்தான். அதற்குள் ஆள் இறங்கி, ஆள் ஏறி, எரிபொருள் பார்த்து, தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக்கு எங்கே போவது? இதுவரைக்கும் சொன்னது நியாயம். இனிமேல் சொல்வதில் நியாயம் ஒன்றும் கிடையாது.

மாதக் கடைசியில் அடுத்த மாதத்து ரோஸ்டர் வரும். எந்தத் தேதி எந்த ஊர், என்றைக்கு ஓய்வு, எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். அதை நான் போனில் அம்மாவுக்கு வாசிப்பேன். மதுரை வரும் நாட்களை அம்மா காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்வாள். ஏழெட்டு நாள் ஓய்வும் இருக்கும். அதை மட்டும் வாசிக்க மாட்டேன். "ஸ்டாண்ட்பைம்மா, கூப்பிட்டா ஓடணும்" என்று வாய் கூசாமல் சொல்வேன். உண்மையில் தூங்குவேன், சினிமாவுக்குப் போவேன், சும்மா ஊர் சுற்றுவேன். மதுரைக்கு வந்தால் அக்கா கல்யாணப் பேச்சை எடுப்பாள். சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் "மாப்ள, ஓசி டிக்கெட் கிடைக்குமா" என்பான். எனக்கு அது பெரிய தொல்லையாகத் தெரிந்தது. மண்டைக்கனம், வேறென்ன.

ஒருநாள் அம்மா போனில் கேட்டாள். "டேய், இன்னைக்கு நீ போறப்ப மாடில நின்னு துண்டை ஆட்டுனேன். தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சும்மா. நல்லாத் தெரிஞ்சுச்சு."

எங்கே தெரிய? இறங்கப் போகும் நேரத்தில் துணை விமானிக்குக் கண்ணெல்லாம் மீட்டர்களில்தான் இருக்கும். கீழே பார்த்தாலும் செல்லூரில் எத்தனை மொட்டை மாடி, எத்தனை தண்ணீர்த் தொட்டி. அம்மாவைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே கதை விட்டுக்கொண்டிருந்தேன். அது பொய். அவளுக்கு இதுவே போதும் என்றால் நான் நேரில் வர வேண்டியதில்லை, அதுதான் விஷயம். அம்மா இன்னும் பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்புத் துண்டாக ஒன்று வாங்கினாள். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவிலும் என் விமானச் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்குமாம். வட்டம் போட்ட நாளெல்லாம் முழங்கால் வலியோடு மாடி ஏறினாள்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அப்படி வட்டம் போட்ட நாள். முந்தின நாள்தான் கூட வேலை பார்த்த ஒருவனிடம் கெஞ்சி அந்த டூட்டியை மாற்றிக்கொண்டேன். காரணம் கேட்டால் காறித் துப்புவீர்கள். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் நண்பர்கள் சேர்ந்து கூத்தடிக்கப் போனோம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப ரெண்டு நாள் லீவா, வந்துட்டுப் போடா" என்பாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு மழை. விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். அவ்வளவு நேரமும் அம்மா மாடியில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சத்தம் கேட்டதும் குடையைக் கீழே போட்டுவிட்டுத் துண்டை ஆட்டியிருக்கிறாள். திரும்பி இறங்கும்போது ஈரப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அடுத்த தெருவில் இருந்த அக்காதான் ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். எனக்குப் போன் போட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. ஆபீசுக்குப் போட்டிருக்கிறாள். அங்கே எடுத்தவர், "அவர் இன்னைக்கு ஃப்ளைட்ல இல்லைங்களே, டூட்டிய மாத்திக்கிட்டாரு. நாளைக்கும் அவருக்கு ஆஃப்தான்" என்று விவரமாகவே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம்தான் போனை எடுத்து, அக்கா அனுப்பியிருந்த மெசேஜைப் பார்த்தேன். சாயங்கால விமானத்தில் பயணியாக வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அம்மாகிட்ட நான் ஒன்னும் சொல்லல," என்றாள். "நீயே உன் வாயால சொல்லு. இப்பச் சொல்லலைன்னா நீ எப்பவுமே சொல்ல மாட்ட."

சொல்லிவிடுவது என்றுதான் உள்ளே போனேன், சத்தியமாக. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா" என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"நான் விழுந்ததை மேல இருந்து பாத்துட்டியாடா?"

பிடித்த கையை விடாமல் அவளே மேலே சொன்னாள்.

"ராவெல்லாம் இதே நெனப்புத்தான். வலிகூடப் பெருசாத் தெரியல. நான் விழுறதப் பாத்து உனக்குக் கை நடுங்கிப் போச்சுன்னா என்ன ஆகும்? பின்னாடி அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காகளே."

"இல்லம்மா," என்றேன். "நான் பாக்கல. நீ துண்டை ஆட்டுனதுதான் தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள தாண்டிட்டேன்."

"நல்லவேளை," என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

அக்கா கதவுப் பக்கம் பிளாஸ்க்கோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நேரத்தில் இந்த மானங்கெட்டவனுக்கு வந்தது நிம்மதி. தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"அடுத்து என்னைக்கு மதுரை?" என்று அம்மா கேட்டாள்.

"வர்ற வியாழக்கிழமை."

அம்மா கழுத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். "வியாழக்கிழமை நீ மாடிக்குப் போயிருடி. துண்டு கொடியில கெடக்கு. யாரும் நிக்கலைன்னா பிள்ளை தேடுவான்."

"சரிம்மா, போறேன்," என்றாள் அக்கா.