நான் நிறுத்திய கட்டடம்

அந்தக் கட்டடத்தை நிறுத்தியது நான்தான். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். கல்யாண வீடுகளில் வெளியூர் விருந்தாளிகளிடம், "எட்டு மாடியை நாலு மாடியிலயே நிக்க வச்சவங்க இவங்கதான்" என்று இன்றைக்கும் என்னைக் காட்டுகிறார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இப்போது கையில் இருக்கிற காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

தெரு முனையில் பழைய அரிசி மண்டி இருந்த மனை அது. மண்டியை மூடிய பிறகு பல வருஷம் பூனையும் பாம்புமாகக் கிடந்தது. ஒருநாள் சுற்றிலும் தகரம் அடித்தார்கள். அடுத்த வாரம் பெரிய பேனர். எட்டு மாடியாம், லிஃப்ட்டாம், கீழே கார் நிறுத்த இடமாம். படத்தில் இந்த ஊரிலேயே இல்லாத ஒரு புல்வெளி. அதன் நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. "காரைக்கால விட்டுப் போன வெள்ளைக்காரன் திரும்ப வீடு வாங்க வந்துட்டானாக்கும்" என்று நான் சொன்னதற்குத் தெருவே சிரித்தது. எனக்கு எப்போதும் வாய் நீளம். சிரிக்க நாலு பேர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. டீக்கடையில், "ஊருன்னா நாலு பெரிய கட்டடம் இருக்கணுங்க, அப்பத்தான் மதிப்பு" என்றார்கள். மீன் கொண்டுவரும் அம்மா, "கடல் உள்ள வந்த வருஷம் ஓடி ஏற ஒரு மாடி இல்லாமத் தவிச்சோமே, கட்டட்டும் லாத்தா" என்று என்னை அக்கா முறை வைத்துச் சொன்னாள். எதிர் வீட்டு மாமிக்கு மண்ணைப் பற்றித்தான் பயம். "ரெண்டு முழம் தோண்டினா தண்ணி வர்ற பூமி. இதுல எட்டு மாடிய நிக்க வைக்கப் போறானுவளா?" என்று வாசலில் நின்று கத்துவார். அஸ்திவாரத்துக்குப் பைல் தூண்களை அடித்து இறக்கியபோது எங்கள் அலமாரிக் கண்ணாடி பகலெல்லாம் நடுங்கியது. அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல் விட்டது. அதுவரை எனக்கு எரிச்சல்தான், கோபமில்லை.

கோபம் பிறகு வந்தது. எங்கள் வீடுகள் முன்பக்கம் குறுகலாக இருந்து பின்னால் நீளமாகப் போகும். முற்றம், கிணறு, துணிக்கொடி எல்லாம் பின்கட்டில். பெண்கள் தலையில் துணி இல்லாமல், யாரைப் பற்றியும் நினைக்காமல் உட்காருகிற இடம் அது ஒன்றுதான். நாலாவது மாடிக்குக் கம்பி கட்ட ஆட்கள் ஏறிய அன்று நான் தலையை விரித்துப்போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு விசில் சத்தம். எனக்குத்தான் அடித்தானோ, கூட வேலை செய்கிற ஆளைக் கூப்பிட்டானோ, இன்றுவரை தெரியாது. வந்ததே எனக்கு ஆத்திரம்! சீப்பை வீசி எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். இந்தக் கட்டடத்தை இதற்கு மேல் எழும்ப விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு இரண்டு பெண்கள். எங்களில் கல்யாணமானால் பெண் வெளியே போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்ணுக்கென்று ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். நாங்கள் இருந்த வீட்டை மூத்தவள் பேரில் எழுதிவிட்டு, நானும் இளையவளும் பின்கட்டு அறைக்கு மாறிக்கொண்டோம். இளையவளுக்கும் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு நல்ல இடம் பேசி மோதிரம் போட்டாகிவிட்டது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, நிக்காஹுக்குள் வீடு. எங்கள் தெருவிலோ கையகல மனை கிடையாது. துபாயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், "அத நான் பாத்துக்கிறேன்" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தலத்தெருப் பக்கம் மனை தேடுகிறார் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் எங்கேயும் தூரமாகப் போய்விடக் கூடாது. எனக்கு வேறு ஆசை கிடையாது. மூத்தவள் கெட்டிக்காரி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள். இளையவள் வாய் செத்த பெண். அவளை இன்னொருத்தர் வீட்டில் விட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

மனுவை இளையவள்தான் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்தாள். நான் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். நடுவில் கையை எடுத்துவிட்டு, "உம்மா, இது வேணுமா?" என்றாள். "நீ எழுதுறத எழுது புள்ள" என்றேன். எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். பாதி வீட்டில் ஆண்கள் சபுரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில். "அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுறேனே" என்று இழுத்தவர்களை நான் விடவில்லை. "உன் தலையத்தான் மேலேயிருந்து பாக்கப் போறான், அவங்க தலைய இல்ல" என்று சொல்லிச் சொல்லியே கையெழுத்து வாங்கினேன்.

எங்கள் வீட்டில் போன் என்றால் எப்படி என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் கூப்பிடுவார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைப்போம். அதற்கென்றே வந்துவிடும் மாமியார், நாத்தனார், அப்புறம் மூத்தவள், மருமகன், சில நாள் எதிர் வீட்டு மாமி உட்பட எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சலாம் சொல்லிப் பேசுவோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் அவரும் போனில் தனியாகப் பேசியதே இல்லை. தனியாகப் பேசினால் என்ன ரகசியம் என்று கேட்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் தயங்கித் தயங்கி, "அந்தக் கட்டட விஷயத்துல நீ ரொம்ப முன்னாடி போய் நிக்காதே" என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "உங்களுக்கென்ன, அங்க ஏசியில உக்காந்துக்கிட்டுச் சொல்லுவீங்க. இங்க முற்றத்துல தலை காயவைக்க முடியல" என்று வெடித்தேன். மாமியார்கூடத் தன் மகனிடம், "அவ சொல்றது சரிதானே வாப்பா" என்றார். "சரி, வந்து பேசிக்கலாம்" என்று அவர் வைத்துவிட்டார். பயந்த மனுஷன் என்று நான் மூத்தவளிடம் சொல்லிச் சிரித்தேன்.

மனுவைக் கொடுத்ததும் நகராட்சியில் கருத்துக் கேட்கும் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். எங்கள் பெண்கள் இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போனதே இல்லை. நான் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். மைக் கைக்கு வந்ததும் விசில் சத்தத்திலிருந்து விரிசல் வரை ஒன்று விடாமல் கொட்டினேன். கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. எனக்குப் பின்னால் பேச எழுந்தவர் பக்கத்து ஊரான நெரவிக்காரர், விவசாயக் குடும்பம், டவுனில் ஏதோ குமாஸ்தா வேலை. "அம்மா சொல்றது நியாயம்தாங்க. ஆனா நானும் பதினஞ்சு வருஷமா மழையிலயும் வெயில்லயும் போய்ட்டுப் போய்ட்டு வர்றேன். உங்க தெருவுல எங்கள மாதிரி ஆளுக்கு ஒரு வீடு வாடகைக்குக் குடுப்பீங்களா? குடுக்க மாட்டீங்க. அப்ப நாங்க எங்கதாங்க குடியிருக்குறது?" என்று கேட்டார். "வயல்ல எவ்வளவோ இடம் கிடக்கே, அங்க கட்டிக்கச் சொல்லுங்க எட்டு மாடிய" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனுஷர் சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் வருகிறது. எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன்!

மனு போட்டால் கட்டடம் நின்றுவிடுமா என்றுதான் கையெழுத்துப் போட்டவர்களே நினைத்திருந்தார்கள். நின்றுவிட்டது. எங்கள் தெரு அகலத்துக்கு அந்த உயரம் கூடாது என்று வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டியவர் கோர்ட்டுக்குப் போனார், கேஸ் நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. அன்று எதிர் வீட்டு மாமி தேங்காய்ப்பால் கஞ்சி காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்தார். முதல் கிண்ணம் எனக்குத்தான் வந்தது.

பத்து நாளில் துபாயிலிருந்து அவர் வந்து இறங்கினார். லீவுக்கு இன்னும் நாள் இருந்தது. பெட்டியைக்கூடத் திறக்காமல் என்னைப் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். அந்தக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் ஒரு வீடு, இளையவள் பேரில் பிடித்திருந்தார். கையில் இருந்தது எல்லாம் அதற்கே போயிருந்தது. "சாவியக் கையில வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீ கீழ நின்னு கூப்பிட்டா அவ மேலேயிருந்து எட்டிப் பாப்பாளே, உனக்கு அது போதுமேன்னுதான்" என்றார். அப்புறம் அந்தப் பெரிய மனுஷர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். யா அல்லாஹ், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். நாலு மாடிதான் எழும்பியிருந்தது. என் மகளின் ஆறாவது மாடி வெறும் ஆகாசமாக இருந்தது.

சம்பந்தி அம்மா ஒரு வருஷம் பொறுத்தார். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் வந்து, தெரு முனையில் கம்பி துருப்பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்தார். "பையனுக்கு வயசு போகுது, எங்கள மாப்பு பண்ணிக்குங்க" என்றார். இளையவள் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்துத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு சென்னையில் ஒரு இடம் வந்தது. அவர்கள் பக்கம் வீடு கேட்கிற வழக்கமில்லை, பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற வழக்கம். வேறு வழியில்லை. எங்கள் குடும்பத்தில் தாய் வீட்டை விட்டு மாமியார் வீட்டுக்குப் போன முதல் பெண் அவள்தான். புறப்படுகிற அன்று காலை, அவள் பெட்டியில் துணி அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "வாப்பா செஞ்சது உனக்காவது முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் உம்மா" என்றாள். "என் பேர்லதானே எழுதினாங்க. ஆதார் நகல் கேட்டு வாங்குனாங்க. உம்மாகிட்ட இப்ப சொல்லாதேன்னாங்க."

"தெரிஞ்சுமா அந்த மனுவத் தட்டிக் கொடுத்தே? வாப்பா சொல்லாதேன்னா என்ன, என்கிட்ட சொல்லியிருக்கலாமே புள்ள?"

"சொல்லத்தான் வந்தேன். மூணு தடவை வந்தேன் உம்மா. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சேலையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கு நானே போன் செய்கிறேன். அவள் குரல் இளைத்துப்போன மாதிரி இருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், சாப்பிட்டேன் என்கிறாள். அவங்க நல்லா வச்சிருக்காங்களா என்றால், நல்லா வச்சிருக்காங்க என்கிறாள். "வேற என்னம்மா?" என்று கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காத்திருக்கிறேன். "வேற ஒண்ணுமில்ல உம்மா" என்கிறாள். இருபத்தாறு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்து எதையும் சொல்லாமலே பழகிவிட்ட பெண். இனிமேல் எங்கே சொல்லப் போகிறாள்?