சார்ஜர் அக்கா போட்ட பூஜ்யம்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சார்ஜர் அக்கா என்று பெயர். ஐந்தாம் வகுப்பின் நாற்பது டேப்லெட்டையும் பீரோவில் பூட்டி வைத்துச் சார்ஜ் ஏற்றுவது அவள் வேலை. தலைமையாசிரியரான பெரிய சார் வாய்மொழியாகக் கொடுத்த வேலை வேறு. பிள்ளைகள் கையில் கொடுத்தால் கண்ணாடி உடையும். மேலிடத்துக்கோ தினமும் பாடம் ஓடியதாகத் தகவல் போக வேண்டும். ஆகவே மதியம் முழுக்க அவளே ஒவ்வொரு பிள்ளையின் எண்ணிலும் நுழைந்து, பாடத்தை ஓடவிட்டு, கேள்விகளுக்குக் கைக்கு வந்ததைத் தட்டிவிடுவாள். படிப்பாம் படிப்பு! விரல் நுனி மரத்துப் போனதுதான் மிச்சம்.

அரையாண்டில் அந்த மதிப்பெண்ணை வைத்தே பெரிய சார் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். அந்த வகுப்பிலேயே படித்த அவள் மகள் மந்தப் பிள்ளைகளின் பிரிவில் விழுந்தாள். வாசிப்பில் வகுப்புக்கே முதல் பெண் அவள். பையைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. தட்டியது தன் விரல்தானே என்று தாய்க்குப் பொறுக்கவில்லை. நேரே பெரிய சாரிடம் போய்க் கேட்டாள்.

"சார், அதெல்லாம் நான் தட்டுனதுன்னு உங்களுக்கே தெரியுமே."

"வெளிய சொன்னா உன் வேலைதான் போகும். உம் பொண்ணுக்கு அந்த வகுப்பே அதிகம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டினாள்.

பெரிய சாரின் மகனும் அதே வகுப்புதான், மேல்பிரிவில் இருந்தான். அடுத்த தேர்வில் அவன் எண்ணில் மட்டும் அவள் கேள்வியைப் படித்துத் தட்டினாள். தப்பித்தவறிக்கூட ஒரு சரியான விடை விழுந்துவிடக் கூடாதே! பூஜ்யம் வாங்கவும் பாடம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. பையன் பாவம்தான். அவளுக்கு அன்று பாவம் பார்க்க மனமில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஆசிரியர்கள் நடுவே பட்டியலைத் திரையில் திறந்து கடைசிப் பெயரில் நின்றார். இந்தப் பையனை ஏன் இன்னும் கீழ்ப்பிரிவுக்கு மாற்றவில்லை என்று கேட்டார்.

பெரிய சாருக்கு முகம் செத்துவிட்டது. "அது என் பையன் சார். நல்லா படிப்பான். அவன் தட்டவே இல்ல, இவதான் வேணும்னே தட்டியிருக்கா" என்று ஓரமாக நின்றிருந்த சார்ஜர் அக்காவைக் கைகாட்டினார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"அப்ப மத்தவங்களுக்கு?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

"எல்லாருக்கும் நான்தான் சார். பிள்ளைங்க அதைத் தொட்டதே இல்ல."

தாளில் புதிதாகத் தேர்வு வைத்து இரண்டு பிரிவையும் கலைத்தார்கள். மகள் பழைய இடத்துக்கு வந்தாள். சார்ஜர் அக்காவின் வேலை போயிற்று, பெரிய சாரின் பதவியும் போயிற்று. அவர் அறைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் சுமந்து படியிறங்கியபோது, வாசலில் நின்ற அவளைக் கொஞ்சம் கைபிடிக்கச் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, அவர் கடைசிப் படி இறங்கும்வரை ஆற அமரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.