தானாக வருகிறவள்

அந்தச் சிவப்புச் சட்டைக்காரியை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். டீ எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்கு மேலே, திரையில், கையில்லாத சிவப்புச் சட்டை போட்ட ஒருத்தி ஒரு கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். டீ டம்ளரை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சூடு போதாது என்று விட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில், தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். அவருக்கு ஹார்பரில் சரக்கு கிளியரிங் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. கப்பல் எப்போது வருகிறது, கன்டெய்னர் எப்போது இறங்குகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லி, பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து வைத்திருந்தார். நான் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பேன். தையல் மெஷின் ஒரு மூலையில், கம்ப்யூட்டர் இன்னொரு மூலையில், நடுவில் பாய். எங்கள் ஹால் அவ்வளவுதான்.

"யாருய்யா அது?" என்றேன்.

"எது?"

"கண்ணடிக்கிறாளே, அவ."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது வெளம்பரம்மே! நான் ஒண்ணும் கூப்புடல. கப்பல் எப்போ வருதுன்னு பாத்துகினு கீறேன், அதுவா வருது."

"கூப்புடாம எவ வருவா? நம்ம வூட்டுக்கு உன் தங்கச்சி கூட போன் பண்ணிட்டுத்தான் வர்றா."

"மீன் மார்க்கெட்டாண்ட போனா 'வாப்பா, வாப்பா'ன்னு கூவுறாங்கல்ல? அத்த மாரி. ஊருக்கே கூவுறா. உனக்கு இன்னா பேஜாரு?"

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் அவள் படத்துக்குக் கீழே 'சென்னை' என்று இருந்ததைப் படிக்க முடிந்தது. சென்னையில் இருக்கிறாளாம், தனியாக இருக்கிறாளாம், பேச ஆள் வேண்டுமாம். மூஞ்சியைப் பார்த்தால் வெள்ளைக்காரி. சென்னையில் எந்தத் தெரு என்று சொன்னால் நானே போய்ப் பேசிவிட்டு வந்திருப்பேன்.

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. ராயபுரத்தில் என் அம்மா வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்தில், என் சித்தி மகளிடம் அவர் பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அந்தப் பாயசத்தை நான் வாயில் வைக்கவே இல்லை. அவர் பார்க்க நன்றாக இருப்பார், பேச்சும் நன்றாக இருக்கும். அப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டு பொறாமைப்படாமல் இருக்கிறவள் என்று யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். இவர் எனக்கு மட்டும்தானா என்கிற ஒரு கேள்வி எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சிவப்புச் சட்டைக்காரி வந்த பிறகு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவள் சும்மா வந்து போகிறவள் இல்லை. மூடினால் இன்னொரு பக்கத்தில் முளைப்பாள். சில சமயம் திரையில் திறந்திருக்கிற மற்ற ஜன்னல்களுக்கு அடியில் ஒளிந்திருப்பாள். எல்லாவற்றையும் மூடி முடித்ததும் அவள் மட்டும் தனியாக நின்று கண்ணடிப்பாள். பல்வரிசை அத்தனை அழகு. முடி நீளமாக, நேராக, ஒரு சிக்கு கிடையாது. நான் அவளை மேலும் கீழும் பார்த்துக் குறை தேடினேன். தையல்காரி கண்ணுக்குத் தெரிந்த ஒரே குறை, அந்தச் சட்டையின் தோள்பட்டை சரியாக உட்காரவில்லை என்பதுதான். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அந்த வாரமே எம்.சி. ரோட்டுக்குப் போய் அதே சிவப்பில் துணி எடுத்தேன். தோள்பட்டை கச்சிதமாக உட்காரும்படி எனக்கே ஒரு ஜாக்கெட் தைத்தேன். சாயந்திரம் தலை சீவி, பூ வைத்து, அதைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாமே, கோயிலுக்குக் கிளம்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். நானும் வேறு வழியில்லாமல் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். நான் டீயோடு போகும்போதெல்லாம் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும், திரையில் ஏதோ ஒரு ஜன்னல் சட்டென்று மறையும். "இன்னாய்யா அது?" என்றால், "வெளம்பரம்மே, எத்தினி வாட்டி சொல்றது" என்பார். அதில் அவருக்கு எரிச்சலே வராது. சாம்பாரில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிற மனுஷன், விளம்பரம் என்றால் என்ன என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்குவார். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வந்தது. முழுசாக வரவில்லை.

முழுசாக வந்தது காலடிப்பேட்டையில். அங்கே மளிகைக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, கடைக்குப் பக்கத்து அறையில் பிரவுசிங் சென்டர் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. திருச்செந்தூர்ப் பக்கத்து அக்கா. என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார். ஒருநாள் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். தடுப்புக்குப் பின்னால் பென்ஷன் வாங்குகிற வயதில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரையில் அவள்! அதே சிவப்பு, அதே கண்ணடிப்பு, அதே தனிமை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம். என் புருஷனை விட்டுவிட்டு இந்தக் கிழவரிடமா போனாய், அடிப்பாவி என்று மனசுக்குள் திட்டினேன். அப்புறம்தான் எனக்கே சிரிப்பு வந்தது. அக்கா என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அட கோட்டிக்காரி!" என்றார் அக்கா. "அது வெளம்பரம்லா. எல்லா மிஷின்லயும் வருவா. நாள் பூரா இவள மூடுததுதான் எனக்குச் சோலி. சர்ச்சுக்குப் போற டீச்சரம்மா ஒருத்தங்க இவளப் பாத்துட்டு இந்தப் பக்கமே வரல."

"இவளை நிறுத்த முடியாதாக்கா?"

"முடியாம என்ன? இங்க வா."

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதில் வேறு பிரவுசர், ஒரு நரி வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிற படம் போட்டது. அதற்குள் விளம்பரத் தடுப்பு என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். விளம்பரம் எங்கெங்கிருந்து வருகிறதோ அந்த முகவரிகள் எல்லாம் அதற்குத் தெரியுமாம். அங்கிருந்து எவள் வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுமாம். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்த அதே ரயில் நேரப் பக்கத்தை அக்கா இதில் திறந்தார். பளிச்சென்று வந்தது. ஆடுகிற எழுத்து இல்லை, பரிசு விழுந்திருக்கிறது என்கிற கூச்சல் இல்லை, கண்ணடிப்பு இல்லை. ரயில் மட்டும் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே ஆசை பிடித்துக்கொண்டது. அக்கா எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் போட்டு, எப்படி ஏற்றுவது என்று சொல்லியும் கொடுத்தார்.

மறுநாள் அவர் ஹார்பருக்குப் போனதும் நானே உட்கார்ந்து ஏற்றினேன். பிறகு ஜாக்கெட் டிசைன் பார்க்கிற பக்கத்தைத் திறந்தேன். வழக்கமாக அந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் நான் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்து முடித்துவிடுவேன். அன்றைக்கு வேகமாக வந்தது. விளம்பரம் இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளையாக இருந்தது. கழுத்து டிசைன்களைக் கண்குளிரப் பார்த்தேன். ஒழிந்தாள் சனியன் என்று வாய்விட்டே சொன்னேன். அன்று ராத்திரிக்கென்று அவருக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து வைத்தேன்.

சாயந்திரம் அவர் வந்தார், கம்ப்யூட்டரைப் போட்டார். நான் பாராட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னாது இது? வெளம்பரமே வரல?"

"நான்தான் நிறுத்திட்டேன். இனிமே எவளும் வரமாட்டா."

அவர் முகம் சுண்டிப்போனது. "யாரக் கேட்டு போட்ட? கண்டதையும் ஏத்துனா மிஷினு பேஜாராய்டும், தெரியுமா உனக்கு?"

"நல்லா வேகமாத்தான வருது?"

"வெளம்பரம் வந்தா வந்துட்டுப் போகுது! உன் கழுத்தையா புடிக்குது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் மொய்க்கிற ஈயை ஓட்டியதற்குச் சண்டைக்கு வருகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிவப்புச் சட்டைக்காரி மேல் இவருக்கு அத்தனை பிரியமா என்று அடங்கிப்போயிருந்த பொறாமை மறுபடி எரிந்தது. அடுத்த நாள் பார்த்தால் தடுப்பை எடுத்திருந்தார். நான் திரும்ப ஏற்றினேன். அவர் எடுத்தார். நான் ஏற்றினேன். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே அலுத்துப்போய் விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு நான் டீயோடு போனால் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து டீயை வாங்கிக்கொள்வார். என்ன ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவரே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரமும் நெத்திலியும் வாங்கி வந்திருந்தார். வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தேன், நெத்திலியை வறுத்தேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவர், சாய்ந்ததும் தூங்கிவிட்டார். நெட் கனெக்‌ஷனை நிறுத்தவில்லை. சரி, ஒரு கழுத்து டிசைன் பார்க்கலாம் என்று நான் போய் உட்கார்ந்தேன்.

திரையின் கீழ் மூலையில் டிங் என்ற சத்தத்தோடு ஒரு சின்னக் கட்டம் எழும்பியது.

மறுபடியும் தடுப்பை எடுத்துவிட்டாரா என்றுதான் முதலில் நினைத்தேன். பிரவுசரைப் பார்த்தேன். தடுப்பு இருந்த இடத்தில் இருந்தது. அந்தக் கட்டம் பிரவுசருக்குள் வரவில்லை, அதற்கு வெளியே, மெசஞ்சரில் வந்திருந்தது. யாரோ இவரைத் தேடி, இவருக்கென்று அனுப்பியது. மேலே ஒரு பெண் பெயர் இருந்தது. இதில் படம் கிடையாது, ஆட்டம் கிடையாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தாள். ஒரே வார்த்தை.

'சாப்ட்டியா?'

அந்த டிங் சத்தம் எனக்குத் தெரியும். டீ டம்ளரோடு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜன்னல் மறைந்தது, ஒவ்வொரு தடவையும் விளம்பரம் என்று விளக்கம் வந்தது. விளம்பரம் வந்துகொண்டிருந்த வரைக்கும் அந்தப் பதில் செல்லுபடியானது. நான்தான் அதை நிறுத்தினேன். அவர் முகம் ஏன் சுண்டியது என்று இப்போது விளங்கியது.

என் உடம்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. சிவப்புச் சட்டைக்காரி மேல் நான் பட்டதெல்லாம் ஒரு பொறாமையா? அவள் ஊரில் இருக்கிற ஆம்பிளைகளை எல்லாம் கூப்பிட்டாள். இவள் ஒரே ஒருத்தரைக் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடிப்பார் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. பல்வரிசை எப்படி, முடி நீளமா, தோள்பட்டை எப்படி உட்கார்ந்திருக்கிறது, எதையும் பார்க்க வழியில்லை. எதை வைத்துக் குறை சொல்வேன்?

இரண்டாவதும் வந்தது. 'ஏன் பேசல? பக்கத்துல அவ இருக்காளா?'

அந்த 'அவ' நான்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. என் வீட்டில், நான் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, என் பாயில் குறட்டை விடுகிற மனுஷருக்கு நான் 'அவ'வாம்.

அழவில்லை. அழுதால் எழுத்து தெரியாது. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினேன்.

'சாப்ட்டாரு. வஞ்சிரக் கொழம்பு, நெத்திலி வறுவல். நான்தான் போட்டேன். நீ சாப்ட்டியா?'

அனுப்பினேன். அந்தப் பக்கம் எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. அப்புறம் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சை அணைந்துவிட்டது. அவளும் எங்கேயோ ஒரு வீட்டில் இதே மாதிரி எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்று மனசார நினைத்தேன்.

எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"யோவ், எழுந்திரு. உன்னச் சாப்ட்டியான்னு கேக்குறாங்க."

பதறியடித்து எழுந்து உட்கார்ந்தார். யார் கேட்கிறார்கள் என்று என்னிடம் கேட்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.