வலது கை பிடித்த பிரேக்

ஸ்டுட்கார்ட்டில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள் நான். போன கோடையில் வேல்ஸில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போனபோது, மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பாதையில் ஓடுவதற்கு அவள் தன் பழைய சைக்கிளைத் தந்தாள். "இஞ்ச இடப்பக்கமாத்தான் ஓடவேணும், மறந்திடாதேங்கோ," என்று நூறு தரம் சொன்னாள். நானும் வழி முழுக்க அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

செங்குத்தான இறக்கம் ஒன்றில், எனக்கு முன்னால் சைக்கிளில் போன மச்சாள் கடந்த பிறகு செம்மறிகள் தெருவுக்கு வந்துவிட்டன. வலது பிரேக்கை இறுக்கினேன். ஜெர்மனியில் அது பின் சில்லைப் பிடிக்கும். அந்தச் சைக்கிளில் முன் சில்லைப் பிடித்தது. ஹாண்டிலுக்கு மேலால் பறந்து விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. எழும்ப ஏலவில்லை. கூப்பிட்ட குரலைக் காற்றுத் தூக்கிக்கொண்டு போனது. ஃபோனிலும் சிக்னல் இல்லை. மச்சாள் தேடி வரும்வரை செம்மறிகள் என்னைச் சுற்றி நின்று புல் தின்றன.

"பிரேக் மாறியிருக்குமெண்டு நான் யோசிக்கேல்லையே," என்று அவள் அழுதாள்.

இப்போது யார் சைக்கிள் தந்தாலும், முதலில் தள்ளிக்கொண்டு நடந்து வலது பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பேன். முன் சில்லு நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பதறும் நேரத்தில் என் கை என் சொல்லைக் கேட்காது.